புகை வழக்கும் கார்ச் சாவியும்

தில்லியில் கார்ச் சாவி அடைந்த மாற்றம், அந்நகரின் காற்று மாசு வழக்கோடு பின்னிக் கிடக்கிறது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 விற்பனைக்கு வந்தபின் தலைநகரின் தெருக்களை நிறைத்த அவ்வண்டிகளில், எரிபொருளைக் காற்றோடு கலந்து தந்தது கார்புரேட்டர் என்னும் இயந்திரக் கருவியே ஆதலால், சாவி மின்சுற்றை மூடும் சுவிட்சுக்கு மேல் எதுவுமாக இருக்கவில்லை. ஸ்டியரிங்கின் பூட்டை முறித்து, கீழுள்ள ஒயர்களை இழுத்துத் தோல் சீவி முறுக்கத் தெரிந்தவர் எவரும் வண்டியைக் கிளப்பிவிடலாம்.

இந்நிலையை மாற்றியது காவல்துறை அன்று, உச்ச நீதிமன்றம். அதுவும் திருட்டை எண்ணி அன்று. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த அந்தக் காற்று மாசு வழக்கில் 1999 ஏப்ரலில் பிறந்த ஆணை, 2000 ஏப்ரல் முதல் தலைநகர் வட்டாரத்தின் புதிய தனியார் கார்கள் யூரோ 2 என்னும் புகை வரம்புக்கு உட்பட வேண்டும் என்றதும், எரிபொருளை அளந்து பீய்ச்சும் பொறுப்பு இசியு எனப்படும் சிறு கணினியிடம் சென்றது. ஜெர்மனியில் காப்பீட்டு நிறுவனங்களின் வற்புறுத்தலால் 1995 முதல் பரவியிருந்த இம்மொபிலைசர், அதாவது உரிய சாவியின்றி எஞ்சினை இயங்கவிடாத ஏற்பாடு, இங்கும் காலூன்ற அக்கணினியே இடம் தந்தது. மாருதி அதற்கு ஐகேட்ஸ் என்று பெயரிட்டது.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணியினும் சற்றே பெரிய டிரான்ஸ்பாண்டர் சில்லு ஒன்று உள்ளது. அதற்குப் பேட்டரி கிடையாது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில் எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே மின்னாற்றலைப் பெற்று, அது தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. எண் ஒவ்வாவிடில் இசியு எரிபொருளையும் தீப்பொறியையும் நிறுத்திவிடும். எண்ணை ஒட்டுக்கேட்டு நகலெடுக்க முடிந்ததால், பின்னர் வண்டி ஒவ்வொரு முறையும் புதிய எண்ணொன்றை வீச, சாவி தன்னிடமுள்ள மறைகுறியால் அதை மாற்றி விடையளிக்கும் முறை வந்தது. அதையும் 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லு ஒன்றில் உடைத்துக் காட்டினர்.

தில்லித் திருடர்க்கு அத்தனை கணிதம் தேவைப்படவில்லை. பாரத் ஸ்டேஜ் 4 என்னும் புகை விதிகளோடு 2010 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த ஓபிடி, புகைக் கோளாறுகளைக் கண்டறியும் சுயபரிசோதனை ஏற்பாடு. அதன் இணைப்பு முனையில் கையடக்கக் கருவியைச் செருகி, புதுச் சாவியொன்றை வண்டியின் நினைவகத்தில் சேர்த்துவிடுவது அவர்கள் கற்ற வித்தை. புகைக்காக வந்த சட்டமே பூட்டையும் தந்தது, அதன் பின்வாசலையும் தந்தது. இன்னும் சிலர் இசியுவையே கழற்றி, பழைய வண்டியிலிருந்து எடுத்த மற்றொன்றை அதற்குரிய சாவியோடு பொருத்தினர். இப்படித் திருடப்படும் வண்டிகளைப் பிரித்து விற்பதில் பேர்பெற்ற மீரட்டின் சோதிகஞ்ச் சந்தையை உத்தரப் பிரதேசக் காவல்துறை 2021 டிசம்பரில்தான் மூடியது.