வெயில் நாட்டில் வளைந்த எலும்புகள்: வைட்டமின் டி ஆய்வும் இந்தியப் பெண்களும்

ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் ஒரு நாட்டில், வெயில் போதாமையால் எலும்பு மென்மையாகும் நோய் எவ்வாறு வேரூன்றியது? வைட்டமின் டியின் வரலாறு பெரும்பாலும் இலண்டனின் நாய்க்குட்டிகள், பெர்லினின் விளக்குகள், அமெரிக்க ஆய்வகங்களின் எலிகள் ஆகியவற்றின் கதையாகவே சொல்லப்படுகிறது. நாசிக், காஷ்மீர், காங்ரா ஆகிய இடங்களின் பெண்களும் குழந்தைகளும் அதில் ஓரிரு வரிகளில் கடந்து போகிறார்கள். அவர்களிடமிருந்து அவ்வரலாற்றைப் படித்தால் வேறொரு கேள்வி முன்னுக்கு வருகிறது. ஒரு நோயின் காரணம் தெரிந்த பின், மாற வேண்டியவர் யார் என்பதை எவர் முடிவு செய்கிறார்?

ஜப்பானின் நீகாத்தாவில் மருத்துவ ஊழியம் செய்து பிரிட்டன் திரும்பிய தியோபால்ட் பாம், தம் நாட்டுத் தொழில் நகரங்களின் குழந்தைகளிடம் மிகுந்திருந்த ரிக்கெட்ஸ் நோயைத் தாம் ஜப்பானில் காணவில்லை என்பதைக் கவனித்தார். இந்தியா, சீனா முதலிய நாடுகளில் பணியாற்றிய மருத்துவர்களிடம் கடிதம் வழியே தகவல் திரட்டினார். உணவில் ஏழ்மையான பல நாடுகளில் இந்நோய் அரிது. புகை மூடிய, ஒப்பீட்டளவில் செழிப்பான பிரிட்டிஷ் நகரங்களில் மிகுதி. ஆகவே காரணம் சூரிய ஒளியின் குறைவே என்று 1890இல் அவர் எழுதினார். அக்கருத்து முப்பது ஆண்டுகள் ஏறக்குறைய கேட்பாரற்றுக் கிடந்தது.

1919இல் இரு தரப்புகளும் வலுவான சான்றுகளுடன் எதிரெதிரே நின்றன. இலண்டனில் எட்வர்ட் மெல்லன்பி, உணவால் நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸை உண்டாக்கி, மீன் ஈரல் எண்ணெயால் அதைத் தடுத்துக் காட்டினார். பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, நோயுற்ற குழந்தைகளைப் புற ஊதாக் கதிர் விளக்கின்கீழ் வைத்துக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் கதிர் பட்டாலும் மறு கையின் எலும்பும் தேறியது. தோலில் உருவாகும் ஏதோ ஒன்று உடலெங்கும் பரவுகிறது என்பதற்கு அது குறிப்பு. 1922இல் மெக்கோலம் குழுவினர் மீன் எண்ணெயில் உள்ள அப்பொருளை வைட்டமின் ஏயிலிருந்து பிரித்துணர்ந்தனர். எழுத்து வரிசையில் அடுத்திருந்த 'டி' அதற்குப் பெயராயிற்று. உடல் தானே ஆக்கிக்கொள்ளக்கூடிய ஒரு பொருளை 'வைட்டமின்' என அழைப்பது, உணவுத் தரப்பு பெயரிடுதலில் பெற்ற வெற்றியின் எச்சம். அது ஹார்மோன் போலச் செயல்படுகிறது என்று பின்னர் தெளிவான போதும் பெயர் மாறவில்லை.

உணவா, ஒளியா என்ற இந்த வழக்கில் இந்தியா சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டது அதே 1922இல்தான். ஹட்சிசன், ஷா இருவரும் நாசிக் பகுதியில் செய்த ஆய்வு எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கியது. குறைவான உணவு உண்டு வயல்வெளியில் உழைத்த ஏழைக் குடும்பங்களில் நோய் அரிதாக இருந்தது. நல்ல உணவு கிடைத்தும், பெண்களும் கைக்குழந்தைகளும் வீட்டுக்குள் அடைந்திருந்த வசதியான பர்தா குடும்பங்களில் அது காணப்பட்டது. செல்வம் இங்கே பாதுகாப்பாக அமையவில்லை, சுவராக அமைந்தது.

வளர்ந்த பெண்களிடம் இதே குறைபாடு ஆஸ்டியோமலேசியா எனும் வடிவில் தோன்றும். இடுப்பிலும் தொடையிலும் ஓயாத வலி, தசைத் தளர்ச்சி, அசைந்தாடும் நடை ஆகியன அதன் அடையாளங்கள். இவ்வலியை வாத நோய் எனக் கருதிக் கடந்து போவது எளிது. ஒவ்வொரு கருவும் தாயின் சுண்ணாம்புச் சத்தில் பங்கு கேட்கும். பாலூட்டும் மாதங்களும் கேட்கும். மென்மையான இடுப்பெலும்பு உடலின் பாரத்தால் உள்நோக்கி வளையும். பிறப்பு வழி குறுகும். அறுவைச் சிகிச்சை எட்டாத இடத்தில் இதன் பொருள், பல நாள் நீளும் பேற்று வலியும் தாய், சேய் இருவரின் மரணமும்.

ஸ்ரீநகரில் பெண்கள் மருத்துவமனையில் பணியாற்றிய கேத்லீன் வாகன், இத்தகைய மகப்பேறுகளை நேரில் கண்டவர். வெயிலில் துடுப்பு வலிக்கும் படகுக்காரப் பெண்களுக்கு எளிதாக நிகழ்ந்த மகப்பேறு, வீட்டுக்குள் அடைந்த பெண்களுக்குக் கொடுந்துயராக இருந்ததை அவர் ஒப்பிட்டார். பர்தாவும் தாய்மையும் குறித்த அவரது நூல் 1928இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கேத்தரின் மேயோவின் 'மதர் இந்தியா' வெளிவந்து, இந்தியர் வழக்கங்களே இந்தியத் துயரங்களுக்குக் காரணம் என்ற வாதத்தை உலகெங்கும் பரப்பியிருந்தது. வாகனின் மருத்துவ அவதானிப்பு கூர்மையானது. எனினும் அது வந்து விழுந்த காலம், நோயின் வரலாற்றை வழக்கத்தின் மீதான தீர்ப்பாக மாற்றிவிடக் காத்திருந்த காலம்.

பெண்கள் மருத்துவப் பணியைச் சேர்ந்த டாக்மர் கர்ஜெல் வில்சன் அதே ஆண்டுகளில் காங்ரா பள்ளத்தாக்கு உள்ளிட்ட வடபகுதிகளில் இந்நோயை ஆராய்ந்து, இந்திய மருத்துவ ஆய்விதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார். வெயில், உணவிலுள்ள சுண்ணாம்பு, அடுத்தடுத்த கருத்தரிப்பு, பாலூட்டல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது பர்தா ஒரு காரணமாக நிற்கும். ஒரே காரணமாக நிற்காது. வறுமைக்கும் அதில் பங்குண்டு. மருத்துவரின் அறிவுரை வழக்கத்தை மாற்றச் சொல்லலாம். பாலுக்கும் கீரைக்கும் ஆட்சியல்லவா பொறுப்பேற்க வேண்டும்?

இதே கேள்வி பிரிட்டனிலேயே மீண்டும் எழுந்தது. 1962இல் கிளாஸ்கோவின் பாகிஸ்தானிய சமூகத்தில் ரிக்கெட்ஸும் ஆஸ்டியோமலேசியாவும் இருப்பதை டன்னிகன் குழுவினர் பதிவு செய்தனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்நாட்டு மக்களுக்காக மார்கரினில் வைட்டமின் டி சேர்க்கப்பட்டது. எவரும் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. தெற்காசியக் குடியேறிகள் உண்ணும் சப்பாத்தி மாவிலும் அதைச் சேர்க்கலாம் என்ற யோசனையோ 1980இல் அரசுக் குழுவால் ஏற்கப்படவில்லை. மறு ஆண்டு தொடங்கிய ரிக்கெட்ஸ் எதிர்ப்பு இயக்கம், குடியேறிகளின் உணவையும் உடையையும் வாழ்முறையையும் நோக்கிப் பேசியது. ஒரு சாராருக்கு உணவு மாறியது; மறு சாராரிடம் மாறச் சொல்லப்பட்டது.

2000ஆம் ஆண்டில் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக ஆய்வாளர்கள், நலமாகத் தோன்றிய பல பிரிவினரின் இரத்தத்தில் இச்சத்தை அளந்தனர். வெளியில் பயிற்சி செய்யும் படைவீரர்கள் தேறினர். மருத்துவர்களும் செவிலியர்களும் தேறவில்லை. அவர்கள் எந்தப் பர்தாவுக்குள்ளும் இல்லை. பணிநேரமே அவர்களின் சுவர். இரண்டாண்டு கழித்து வந்த மற்றோர் ஆய்வு, மாசு மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளிடம் இச்சத்து குறைந்திருந்ததைக் காட்டியது. பாம் கண்ட புகை மூடிய நகரம் ஒரு நூற்றாண்டு கடந்து தில்லிக்கு வந்திருந்தது.

வாத நோய் ஆய்வுகளிலும் இவ்வைட்டமின் தனியிடம் பெற்றுள்ளது. 25,871 பேரிடம் நடந்த அமெரிக்க 'வைட்டல்' ஆய்வின் 2022ஆம் ஆண்டு முடிவுகள், நாளொன்றுக்கு 2,000 அலகு உட்கொண்டோரிடம் முடக்குவாதம் உள்ளிட்ட தன்னெதிர்ப்பு நோய்கள் 22 விழுக்காடு குறைந்ததைக் காட்டின. அதே ஆய்வில் எலும்பு முறிவு குறையவில்லை. பெருமளவு குறைபாடின்றி இருந்தவர்களிடம் கிடைத்த இம்முடிவை, கடுங்குறைபாட்டில் வாடும் ஒரு கர்ப்பிணிக்கு அப்படியே பொருத்த முடியாது.

இந்தியாவில் பாலிலும் சமையல் எண்ணெயிலும் வைட்டமின் டி சேர்ப்பதற்கான 2018ஆம் ஆண்டின் விதிமுறை, உற்பத்தியாளரின் விருப்பத்தைச் சார்ந்ததாகவே வந்தது. நூறாண்டு ஆய்வு சொல்வதோ வேறு. எலும்பு வளைவது உடலுக்குள். அதை வளைப்பவை வீட்டுச் சுவரும், வேலை நேரமும், காற்றின் புகையும், தட்டில் விழும் உணவும். காலையில் சற்று வெயிலில் நில்லுங்கள் என்ற அறிவுரையில் பிழையில்லை. அப்படி நிற்க ஒரு முற்றமும் அரைமணி ஓய்வும் எத்தனை பெண்களுக்கு உண்டு என்பதையும் கேட்டால்தான் அவ்வறிவுரை மருத்துவமாகும்.