நெதர்லாந்து முடியரசும் அதன் கரீபியத் தீவுகளும்

நெதர்லாந்து முடியரசு நான்கு நாடுகள் சேர்ந்த அமைப்பு. ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்து ஒன்று; கரீபியக் கடலில் உள்ள அரூபா, குராசோ, சின்ட் மார்ட்டன் ஆகியவை மற்ற மூன்று. பொனெய்ர், சின்ட் யுஸ்டேஷியஸ், சாபா என்ற வேறு மூன்று தீவுகள் தனி நாடுகள் அல்ல. சிறப்பு நிர்வாகப் பகுதிகளாக நேரடியாக நெதர்லாந்துக்குள் அடங்கியவை. இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை 1954ஆம் ஆண்டின் முடியரசுச் சாசனம். நெதர்லாந்தின் அரசமைப்புச் சட்டமேகூட இதற்குக் கட்டுப்பட்டது. சாசனத்தின் எழுத்துப்படி நான்கு நாடுகளும் சமம். ஆனால் ஒரு நாட்டில் ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் வாழ்கிறார்கள். மற்ற மூன்றிலும் சேர்த்து மூன்று லட்சம் பேர். எழுபது ஆண்டுகளாக நடந்துவரும் எல்லா வழக்குக்கும் இந்த வித்தியாசமே வேர்.

கம்பெனி ஆட்சியும் காலனி ஆட்சியும்

பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் கோட்டை கட்டி வாணிபம் செய்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அட்லாண்டிக் பக்கம் ஒரு தம்பி இருந்தது: 1621இல் தொடங்கப்பட்ட மேற்கிந்தியக் கம்பெனி. 1634இல் அது குராசோவை ஸ்பானியரிடமிருந்து பிடித்தது. அரூபாவும் பொனெய்ரும் இரண்டே ஆண்டுகளில் கைக்கு வந்தன. சின்ட் மார்ட்டனை 1648இல் பிரெஞ்சுக்காரர்களும் டச்சுக்காரர்களும் உடன்படிக்கை செய்து பங்கிட்டுக்கொண்டார்கள். அந்தப் பாகப்பிரிவினை இன்றும் நிலைத்திருக்கிறது. தென்பகுதியிலுள்ள அரூபா, குராசோ, பொனெய்ர் ஆகிய மூன்று தீவுகள் வெனிசுவேலாவை ஒட்டியவை. வடக்கே உள்ள மூன்றுக்கும் இவற்றுக்கும் இடையே ஏறத்தாழ 900 கிலோமீட்டர் கடல். தெற்கில் மக்கள் பேசுவது பாப்பியமெந்தோ, வடக்கில் ஆங்கிலம். இவற்றை ஒரே கட்டாகக் கட்டியது கம்பெனிக் கணக்கே தவிர வேறொன்றுமில்லை.

குராசோவின் செல்வம் உப்பிலும் சரக்கிலும் மட்டும் வந்ததல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்களை ஸ்பானியக் காலனிகளுக்கு விற்கும் பெருஞ்சந்தையாக அது இருந்தது. 1795 ஆகஸ்ட் 17 அன்று துலா என்ற அடிமை தலைமையில் அங்கே பெருங்கிளர்ச்சி வெடித்தது. அக்டோபர் 3 அன்று துலாவைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிய 1863 ஜூலை 1 வரை ஆனது.

1791 முடிவில் கம்பெனி கலைந்தது. தீவுகள் அரசின் கைக்கு மாறின. 1828 முதல் 1845 வரை இவை எல்லாவற்றையும் தென்னமெரிக்காவில் உள்ள சூரினாமின் தலைநகர் பாரமாரிபோவிலிருந்து ஆண்டார்கள். செலவைக் குறைப்பதுதான் நோக்கம். 1845இல் ஆறு தீவுகளும் சேர்ந்து குராசோ என்ற பெயரில் தனிக் காலனி ஆயின. 1922இல் அரசமைப்புத் திருத்தம் காலனி என்ற பெயரை நீக்கி, இவற்றை முடியரசின் பகுதிகள் என்றது. ஆளுநரின் அதிகாரம் மட்டும் குறையவில்லை. 1936இல் அமைந்த தீவுச் சபையில் 15 இடங்கள். அவற்றில் 10 பேரைத்தான் மக்கள் தேர்ந்தெடுக்கலாம். மீதி ஐவரை ஆளுநர் நியமிப்பார். தேர்ந்தெடுக்கும் உரிமைகூடச் சொத்தோ படிப்போ உள்ள ஒரு சில ஆண்களுக்கே இருந்தது.

லண்டன் வானொலியிலிருந்து ஹேக் வரை

இரண்டாம் உலகப்போரில் நெதர்லாந்து ஜெர்மனியிடமும் இந்தோனேசியா ஜப்பானிடமும் வீழ்ந்தன. அரசி வில்ஹெல்மினா லண்டனில் தங்கியிருந்தார். அவர் ஆட்சிக்கு மிஞ்சியவை சூரினாமும் இந்தத் தீவுகளும்தாம். குராசோவில் ஷெல் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அரூபாவில் லாகோ ஆலையும் நேச நாட்டு விமானங்களுக்கு எரிபொருள் தந்தன. அதனாலேயே 1942 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அரூபாவைத் தாக்கின. அதே ஆண்டு டிசம்பரில் அரசி வானொலியில் ஒரு வாக்குறுதி தந்தார்: போர் முடிந்ததும் முடியரசின் பகுதிகள் உள்நாட்டு விவகாரங்களைத் தாமே பார்த்துக்கொள்ளும், ஒன்றுக்கொன்று துணை நிற்கும். அவர் மனத்தில் முதலிடத்தில் இருந்தது இந்தோனேசியா. காலனி ஆட்சியை விரும்பாத அமெரிக்காவின் காதில் விழ வேண்டும் என்பதும் ஒரு கணக்கு.

அந்த வாக்குறுதி இந்தோனேசியாவைத் தடுத்து நிறுத்தவில்லை. இரண்டு ராணுவ நடவடிக்கைகளுக்குப் பிறகு, 1949 டிசம்பர் 27 அன்று டச்சுக்காரர்கள் அதன் இறையாண்மையை ஒப்புக்கொண்டார்கள். பெரிய வீட்டுக்காகப் போட்ட வரைபடத்தில் சிறிய குடிசை கட்ட வேண்டிய நிலை. ஆனாலும் தீவுகளின் தலைவர்கள் வாக்குறுதியை விடவில்லை. குராசோவின் மோய்செஸ் பிரூமென்சியோ டா கோஸ்டா கோமெஸ் இவர்களில் முதன்மையானவர். காலனியின் சட்டமியற்றும் அதிகாரம் குறித்தே 1935இல் முனைவர் பட்ட ஆய்வு செய்திருந்த வழக்கறிஞர் அவர். 1948இல் வட்டமேசை மாநாடு கூடியது. அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. 1949இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. 1954 டிசம்பர் 15 அன்று ஹேக் நகரின் வீரர் மண்டபத்தில் அரசி ஜூலியானா சாசனத்தில் கையெழுத்திட்டார். டிசம்பர் 29 அன்று அது நடைமுறைக்கு வந்தது. நெதர்லாந்து, சூரினாம், ஆறு தீவுகளும் சேர்ந்த நெதர்லாந்து அண்டிலீசு என்ற மூன்று நாடுகள் அன்று பிறந்தன. மறு ஆண்டே ஐ.நா. பொதுச்சபை, இந்த நிலப்பகுதிகள் குறித்து நெதர்லாந்து இனி அறிக்கை தர வேண்டியதில்லை என்று தீர்மானித்தது. காலனிப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிட்டது என்பதே அதன் பொருள்.

சாசனம் செயல்படும் விதம்

பாதுகாப்பு, வெளியுறவு, குடியுரிமை ஆகியவையும் இன்னும் சிலவும் முடியரசின் விவகாரங்கள். பள்ளி, மருத்துவம், வரி, நாணயம், காவல் என்று மற்றதெல்லாம் அந்தந்த நாட்டின் பொறுப்பு. ஒவ்வொரு தீவுநாட்டுக்கும் தனி நாடாளுமன்றமும் பிரதமரும் உண்டு. அரசருக்குப் பதிலாக ஆளுநர் இருப்பார். அவர் தீவு அரசின் தலைவர். அதே ஆள் முடியரசின் கண்ணும் கையும்கூட.

சிக்கல் முடியரசின் அமைச்சரவையில் இருக்கிறது. ஹேக்கில் உள்ள டச்சு அமைச்சரவை முழுவதும் அப்படியே முடியரசு அமைச்சரவை ஆகிவிடும். கூடுதலாக ஒவ்வொரு தீவுநாட்டிலிருந்தும் முழு அதிகார அமைச்சர் ஒருவர் வந்து அமர்வார். வாக்கெடுப்பு என்று வந்தால் மூவர் என்ன செய்ய முடியும்? அவர்கள் ஆட்சேபித்தால் மறு ஆலோசனை நடக்கும். முடிவு பெரும்பாலும் மாறாது. முடியரசுச் சட்டங்களை நிறைவேற்றுவது டச்சு நாடாளுமன்றம். அரூபாவிலேயே பிறந்து வளர்ந்து வாழும் டச்சுக் குடிமகனுக்கு அந்த நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லை. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்கு இல்லாமல்தான் இருந்தது. அரூபாவாசிகள் இருவர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2006இல் தந்த தீர்ப்புக்குப் பிறகே நிலை மாறியது. தன்னை ஆளாத பிரஸ்ஸல்ஸுக்கு வாக்களிக்கலாம், தன் வெளியுறவைத் தீர்மானிக்கும் ஹேக்குக்கு வாக்களிக்க முடியாது என்ற விசித்திரம் இதில் விளைந்தது.

இன்னொரு முக்கியமான ஏற்பாடு 43ஆம் பிரிவு. அடிப்படை உரிமைகளையும் நல்லாட்சியையும் காப்பது ஒவ்வொரு நாட்டின் கடமை, ஆனால் அவை உறுதியாகக் காக்கப்படுகின்றனவா என்று பார்ப்பது முடியரசின் பொறுப்பு. தன்னாட்சிக்கு எல்லை எங்கே என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் இந்தப் பிரிவில்தான் வந்து முட்டும். அதேசமயம் சாசனத்தைத் திருத்த எல்லா நாடுகளும் இசைய வேண்டும். எண்ணிக்கையில் தோற்கும் தீவுகளுக்கு இது ஒன்றே உண்மையான பிடிமானம்.

மே 30, 1969

குராசோவில் ஷெல்லின் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் கூலித் தகராறு தொடங்கி, 1969 மே 30 அன்று கலவரமாக மூண்டது. தலைநகர் வில்லெம்ஸ்டாட்டின் நடுப்பகுதி எரிந்தது. இருவர் இறந்தார்கள், துறைமுகத் தொழிலாளர் தலைவர் வில்சன் கோடெட் குண்டடி பட்டார். தீவு அரசு கேட்டுக்கொண்டதால், சாசனப்படி டச்சுக் கடற்படை வீரர்கள் தெருவில் இறங்கினார்கள். கறுப்பினத் தொழிலாளர்களுக்கு எதிரே டச்சுத் துப்பாக்கிகள் நிற்கும் காட்சியை உலகம் பார்த்தது. அதுவரை தீவுகளைப் பற்றி அதிகம் யோசிக்காத டச்சு மக்கள் திடுக்கிட்டார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததை உலகக் காலனி வரலாற்றில் அபூர்வம் என்றே சொல்ல வேண்டும். விடுதலை பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஆண்டவர் வற்புறுத்த, வேண்டாம் என்று ஆளப்பட்டவர் மறுத்தார். ஜூப் டென் யூல் தலைமையிலான அரசின் காலத்தில் சூரினாம் 1975 நவம்பர் 25 அன்று விடுதலை பெற்றது. அதையொட்டி அந்நாட்டு மக்களில் கணிசமானோர் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1980இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1982 டிசம்பரில் எதிர்ப்பாளர்கள் கொல்லப்பட்டார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தீவுகள் ஹேக்கின் யோசனைக்குத் தலையாட்டவில்லை.

அரூபாவின் தனிவழி

அரூபாவின் மனக்குறை ஹேக்கின் மீது இருந்ததைவிடக் குராசோவின் மீதே அதிகம். அண்டிலீசு நாடாளுமன்றத்தின் 22 இடங்களில் 12 குராசோவுக்கு, 8 அரூபாவுக்கு. எண்ணெய் வருவாய் இங்கே, அதிகாரம் வில்லெம்ஸ்டாட்டில் என்று அரூபாவினர் பொருமினார்கள். பெத்திகோ குரோஸ் 1971இல் தொடங்கிய மக்கள் தேர்தல் இயக்கம் இதை அரசியலாக்கியது. 1976 மார்ச் 18 அன்று அரூபா தனிக்கொடி ஏற்றியது. 1983 வட்டமேசை மாநாட்டில் தனி நாடு என்ற தகுதி கிடைத்தது. பத்தாண்டுகளில் முழு விடுதலை பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு. புதிய தகுதி தொடங்கியது 1986 ஜனவரி 1 அன்று. அதற்கு முந்தைய இரவு குரோஸ் கார் விபத்தில் நினைவிழந்தார். தான் வாங்கித்தந்ததைப் பார்க்காமலே அவ்வாண்டு நவம்பரில் இறந்தார்.

லாகோ ஆலை 1985இல் மூடியது. ஷெல்லும் அதே ஆண்டு குராசோவை விட்டு வெளியேறி, ஆலையைப் பெயரளவு விலைக்குத் தீவு அரசிடம் தள்ளியது. பொருளாதாரம் நொறுங்கிய நிலையில் 1996இல் விடுதலை என்ற நிபந்தனை யாருக்கும் உவப்பாயில்லை. 1990களின் தொடக்கத்தில் அரூபாவே கேட்டு அதை நீக்கிக்கொண்டது.

அண்டிலீசின் முடிவு

ஒரு தீவு பிரிந்தால் மற்றவை சும்மா இருக்குமா? 2000இல் சின்ட் மார்ட்டன், 2005இல் குராசோ இரண்டும் பொதுவாக்கெடுப்பில் தனி நாட்டுத் தகுதி கேட்டன. பொனெய்ரும் சாபாவும் 2004இல் நெதர்லாந்துடன் நேரடி உறவை விரும்பின. அண்டிலீசு நீடிக்கட்டும் என்று வாக்களித்தது சின்ட் யுஸ்டேஷியஸ் மட்டும். அது நடக்கவில்லை, யாருமில்லாத நாட்டில் ஒரு தீவு எப்படித் தனியே இருக்கும்? 2010 அக்டோபர் 10 அன்று நெதர்லாந்து அண்டிலீசு கலைந்தது. சுமார் 170 கோடி யூரோ கடனை நெதர்லாந்து ஏற்றுக்கொண்டது. பதிலாகக் குராசோ, சின்ட் மார்ட்டன் வரவுசெலவுகளைக் கண்காணிக்க நிதி மேற்பார்வைக் குழு வந்தது. பொனெய்ர், சின்ட் யுஸ்டேஷியஸ், சாபா மூன்றும் நெதர்லாந்தின் பகுதிகள் ஆனபோதும் யூரோவை ஏற்கவில்லை. 2011 முதல் அமெரிக்க டாலரே அங்கு நாணயம்.

அண்டிலீசு மறைந்ததில் விளையாட்டு வீரர்களும் மாட்டிக்கொண்டார்கள். 2008 ஒலிம்பிக்கில் அண்டிலீசுக்காக ஓடிய சுராண்டி மார்ட்டினா, 2012இல் நெதர்லாந்துச் சட்டையில் ஓடினார். குராசோவுக்கெனத் தனி ஒலிம்பிக் குழு இல்லை. ஆனால் கால்பந்தில் குராசோ தன் கொடியுடனே ஆடுகிறது.

2010க்குப் பின்

மேற்பார்வை என்பது யாருக்கும் இனிப்பதில்லை. 2014இல் அரூபாவின் வரவுசெலவுத் திட்டத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று முடியரசு அமைச்சரவை ஆளுநருக்கு உத்தரவிட்டது. பிரதமர் மைக் எமான் உண்ணாவிரதம் இருந்தார். ஆளுநரின் இரட்டை வேடத்தால் வந்த இக்கட்டு இது: தன் தீவின் நாடாளுமன்றம் நிறைவேற்றியதைத் தானே தடுக்க வேண்டிய நிலை. 2018 பிப்ரவரியில் சின்ட் யுஸ்டேஷியஸ் தீவுச் சபையை ஹேக் கலைத்து, அரசு ஆணையரை அனுப்பியது. நிர்வாகம் சீர்கெட்டது உண்மைதான். ஆனாலும், இந்தத் தகுதியைக் கேட்காத ஒரே தீவின் மீது அது விழுந்தது. 2020 அக்டோபரில்தான் அங்கே மறுபடி தேர்தல் நடந்தது.

நீதிமன்றங்களின் வழியாக வரும் மாற்றம் இன்னும் அழுத்தமானது. தீவுகளின் மேல்முறையீடு முடியும் இடம் ஹேக்கில் உள்ள உச்ச நீதிமன்றம். நெதர்லாந்தில் பதிவான ஒருபாலினத் திருமணத்தை அரூபா ஏற்க வேண்டும் என்று 2007இல் அது சொன்னது. 2024 ஜூலையில், அரூபாவிலும் குராசோவிலும் அத்தகைய திருமணம் செய்ய அனுமதிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உரிமை கிடைத்ததே என்று மகிழ்ந்தவர்கள் உண்டு, எங்கள் சபை எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. இரு தரப்பையும் ஒதுக்க முடியாது.

பழைய கணக்கு ஒன்றும் தீர்க்கப்பட்டது. 2022 டிசம்பர் 19 அன்று பிரதமர் மார்க் ருட்டெ, 2023 ஜூலை 1 அன்று அரசர் வில்லெம் அலெக்சாந்தர், அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டார்கள். அவ்வாண்டு அக்டோபரில் துலாவின் மீதிருந்த குற்றக்கறை அதிகாரபூர்வமாக நீங்கியது.

முடியரசுக்கும் தீவுநாடுகளுக்கும் இடையே எழும் சட்டத் தகராறுகளைத் தீர்க்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று 2010 திருத்தத்திலேயே எழுதினார்கள். அதற்கான சட்டத்தை வடிவமைக்கும் முயற்சி, தீர்ப்பு சொல்ல வேண்டியது யார் என்ற இடத்திலேயே முட்டி நின்றது. வெளியேறும் வழி அப்படியல்ல, தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அரூபாவின் நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையில் முடிவெடுத்து, பின்னர் வாக்குரிமை உள்ளோரில் பாதிக்கு மேற்பட்டோர் பொதுவாக்கெடுப்பில் ஒப்பினால் அது முடியரசை விட்டு விலகலாம். அந்தப் பிரிவை அரூபா இதுவரை பயன்படுத்தவில்லை.