தெளிவும் தூய்மையும்: செட்டிநாட்டுக் குடிநீர் வரலாற்றில் ஒரு பகுதி

செட்டிநாடு பேராறு இல்லாத நாடு. தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு எனப் பெயர்கள் உண்டு. ஆயின் அவை மழைக்காலத்தில் ஓடிக் கோடை வருமுன்பே மணலாய்க் கிடப்பவை. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மி.மீ. மழை பெய்கின்றது. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றின் சில வாரங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். எனவே இந்நாட்டின் குடிநீர் வரலாறு என்பது, சில வாரத்து மழையை எஞ்சிய மாதங்களுக்கு எவ்வாறு காத்து வைத்தனர் என்பதன் வரலாறேயாகும்.

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில், குன்றக்குடியை அடுத்து உள்ளது பிள்ளையார்பட்டி. எக்காட்டூர், திருவீங்கைக்குடி, மருதங்குடி, இராசநாராயணபுரம் என இவ்வூருக்குப் பல பழம்பெயர்கள் வழங்கின. மருதங்குடி என்னும் பெயரே நீர்வளத்தை நினைவூட்டுவது. குடைவரையில் கற்பக விநாயகர் எழுந்தருளியுள்ள இக்கோயில், நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்று. கோயிலைப் பற்றி எழுதியோர் பலர். அதனை நாடி வந்தோர் எந்த நீரைப் பருகினர் என்று எழுதியோர் அரியர். கல்லைப் படித்த அளவுக்கு நாம் தண்ணீரைப் படிக்கவில்லை.

இப்பகுதி மக்களின் சொல்வழக்கு ஒரு நல்ல தொடக்கம் தருகின்றது. வயலுக்கு நீர் தருவது கண்மாய். இறைவன் தெப்பம் காண்பதும் அடியார் நீராடுவதும் குளம். ஊர் பருகுவது ஊருணி. தோண்டிய முறையும் நீரும் ஒன்றாக இருப்பினும், பயன் வேறாதலின் பெயரும் வேறாயிற்று. ஊர் உண்பதனால் ஊருணி என்னும் பொருள், பேச்சில் 'ஊரணி' எனத் திரிந்த பின்னும் மறையவில்லை. காரைக்குடியின் முத்தூரணி, பருப்பூரணி போன்ற பெயர்களில் அது இன்றும் நிற்கின்றது. வள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் பேரறிவாளனின் செல்வத்துக்கு உவமையாகக் கடலையோ ஆற்றையோ கொள்ளாமல் ஊருணியைக் கொண்டார். கடல் யாருக்கும் உரியதன்று, ஆறு ஓடிவிடும். ஊருணியோ ஊராரால் வெட்டப்பட்டு, ஊராரால் காக்கப்பட்டு, ஊராருக்கே பயன்படுவது. அவ்வுவமையின் நுட்பம் இந்தக் காவலில்தான் உள்ளது.

காவல் எவ்வாறு நடந்தது என்பதை ஊருணியின் அமைப்பே காட்டும். செம்பாறாங்கல் நிலத்தில் நாற்புறமும் கரை கட்டிப் படி அமைத்தனர். மழைநீர் வந்து சேரும் வரத்துக்கால் அசுத்தம் கலவாத மேட்டு நிலத்தின் வழியே வருமாறு பார்த்துக்கொண்டனர். முதல் மழையின் கலங்கல் வண்டலை முன்னதாக ஒரு பள்ளத்தில் தங்கவிட்டு, பின்னர்த் தெளிந்த நீரை உள்ளே விடும் வழக்கமும் பல இடங்களில் இருந்தது. ஊருணியில் குளித்தல், துணி துவைத்தல், மாடு இறக்குதல் ஆகியன ஆகா. கோடையில் நீர் வற்றியதும் ஊர் கூடித் தூர் எடுக்கும். செட்டிநாட்டு வீடுகளும் இவ்வொழுங்கின் உறுப்புகளே. ஓட்டுச் சரிவுகளில் விழும் மழை நடு முற்றத்தில் இறங்கும். அங்கே அண்டாக்களையும் கொப்பரைகளையும் வைத்து நீர் பிடிப்பர். மிஞ்சியது கால்வாய் வழியே தெருவுக்கும், தெருவிலிருந்து நீர்நிலைக்கும் செல்லும். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. காண வருவோர் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் கண்டு வியக்கின்றனர். வியப்புக்குரியது கூரையின் சரிவும் தெருவின் சரிவும் ஒரே கணக்கில் அமைந்திருப்பது.

பிடித்த நீரைத் தெளிய வைக்கும் கலையும் பழமையானது. தேற்றான் கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்துவிட்டால், கலங்கிய நீரிலுள்ள மண்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு அடியில் படியும். இம்மரத்துக்கு 'இல்லம்' என்பது பழம்பெயர். கலங்கிய நெஞ்சு தெளிவதற்கு இதன் விதையை உவமை கூறும் அளவுக்குக் கலித்தொகைப் புலவருக்கு இது பழகிய பொருளாயிருந்தது. மண்துகளோடு சேர்ந்து கிருமிகளிலும் ஒரு பகுதி கீழே படியும் என்பது இன்றைய வேதியியல் கூறும் செய்தி. ஆயின் அது கிருமியைக் கொல்வதில்லை. தெளிவு வேறு, தூய்மை வேறு. பண்டைத் தமிழர் நீரியலைப் புகழ்ந்து எழுதுவோர் பெரும்பாலும் இவ்விடத்தில் தடுக்கி விழுகின்றனர்.

இவ்வேறுபாட்டை உலகம் உணர்ந்ததும் ஒரு குளக்கரையில்தான் என்பது நினைக்கத்தக்கது. செருமானிய அறிஞர் இராபர்ட் கோக் 1884ஆம் ஆண்டில் கல்கத்தாவில் காலரா நோயை ஆராய்ந்தார். மக்கள் குளித்து, துணி துவைத்து, அதனையே பருகியும் வந்த ஒரு குளத்தைச் சுற்றிக் காலரா பரவியிருந்தது. அக்குளத்து நீரில் அவர் காலராக் கிருமியைக் கண்டார். கண்ணுக்குத் தெளிந்த நீரும் உயிரைக் கொல்லும் என்பது அதன்பின் ஐயமாக இருக்கவில்லை. சென்னையில் 1899இல் நிறுவப்பட்ட கிண்டி கிங் நிலையம், தடுப்பு மருந்துகளோடு குடிநீர்ச் சோதனையையும் தன் பணியாகக் கொண்டது. சென்னை மாகாணத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இல் வந்தது. இந்தியாவில் இவ்வகையில் முன்னோடியான அச்சட்டம், திருவிழாக்களிலும் சந்தைகளிலும் கூடும் மக்களின் நலத்துக்கென விதிகளை வகுத்தது. பிள்ளையார்பட்டி போன்ற திருத்தலங்களுக்கு அது நேரே உரியது. அன்றைய யாத்திரையும் காலராவும் பெரும்பாலும் ஒரே வழியில் நடந்தன.

காலராவினும் ஊருணியோடு நெருங்கிய நோய் ஒன்றுண்டு. அது நரம்புச் சிலந்தி. இதன் கதையைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். இந்நோய்க்குக் காரணமான புழுவின் இளம் உருக்கள், சைக்ளோப்ஸ் என்னும் மிகச் சிறிய நீர்வாழ் உயிரியின் உடலில் தங்கும். நீரோடு அவ்வுயிரியைப் பருகியவர் உடலில் புழு ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, பெரும்பாலும் காலில் கொப்புளம் எழுப்பி வெளிவரும். எரிச்சல் தாளாமல் அவர் காலை நீரில் வைத்ததும் புழு தன் இளம் உருக்களை நீரில் சொரியும். சுழற்சி மீண்டும் தொடங்கும். ஆகவே இந்நோய்க்கு வேண்டியவை இரண்டே: காலை நனைக்கும் படி, அந்நீரையே பருகும் வாய். ஊருணிக்கும் படிக்கிணற்றுக்கும் இவை இரண்டும் உண்டு. குளிக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது என்ற ஊர் விதிகள் நல்லவையே. எனினும் குடம் முகக்கும் பெண் கடைசிப் படியில் நின்று கணுக்கால் நனையாமல் நீர் எடுப்பது எங்ஙனம்? ஒழுங்கின் உச்சியில் இருந்த ஊருணியும் இவ்விடத்தில் தோற்றது. துணியால் நீரை வடிகட்டுதலும், படிக்குப் பதில் கரையில் உறைகிணறும் கைக்குழாயும் அமைத்தலும், நோயுற்றோரை நீரில் இறங்கவிடாமையுமே இந்நோயை வென்றன. இந்திய அரசு 1983–84இல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1980களின் தொடக்கத்திலேயே நோய் அற்றுவிட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996இல் இராசத்தானத்தில் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவை இந்நோய் நீங்கிய நாடாக அறிவித்தது. ஊசி மருந்து எதுவுமின்றி, தண்ணீர் எடுக்கும் முறையை மாற்றியே ஒரு நோயை ஒழித்த இவ்வரலாறு நம் பாடநூல்களில் பெற வேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை.

ஊருணிக் காவலுக்கு மற்றொரு முகமும் உண்டு. அதனைக் கூறாது விடுதல் வரலாற்றுக்கு அழகன்று. ஊர் உண்பது ஊருணி என்றால் ஊர் யார் என்னும் கேள்வி எழும். சேரி ஊருக்குள் அடங்கவில்லை. ஒடுக்கப்பட்டோர் ஊருணிக் கரையில் பிறர் வந்து நீர் ஊற்றும்வரை காத்து நிற்றல், அல்லது கண்மாயின் கலங்கல் நீரைக் கொள்ளுதல் என்பதே பல ஊர்களின் நடைமுறை. மாடு இறங்கலாகாது என்ற விதியும் இம்மனிதர் இறங்கலாகாது என்ற விதியும் ஒரே வாயால், ஒரே தூய்மையின் பெயரால் கூறப்பட்டன. முன்னது நலவாழ்வு, பின்னது கொடுமை. இரண்டையும் ஒரே மரபெனப் போற்றுவோரும், இரண்டையும் ஒரே மூடத்தனமெனத் தள்ளுவோரும் பிழை செய்கின்றனர்.

இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகளும் பொதுக் கிணறுகளும் குளங்களும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியவை என்றது. தீர்மானம் நிறைவேறியது, நடைமுறை பின்தங்கியது. அன்றைய இராமநாதபுர மாவட்டத்தில்தான் செட்டிநாட்டின் பெரும்பகுதி அடங்கியிருந்தது. அம்மாவட்டத்தில் 1930–31இல் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது விதித்த தடைகளின் பட்டியலை, 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஹட்டன் பதிவு செய்துள்ளார். உடை பற்றியும் அணி பற்றியும் அமைந்த தடைகளுக்கிடையே ஒன்று நீரைப் பற்றியது. அவர்தம் பெண்கள் மண்குடத்தில் மட்டுமே நீர் எடுக்க வேண்டும். செம்பும் பித்தளையும் கூடா. தலையில் வைக்கும் சும்மாடும் துணியால் அன்றி வைக்கோலால் அமைதல் வேண்டும்.

செப்புக் குடத்தில் ஓரிரவு இருந்த நீரில் நோய்க்கிருமிகள் பெரிதும் குறைகின்றன என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. தடை விதித்தோர் இதனை அறிந்து விதித்தார் அல்லர். அவர் நோக்கம் இழிவுபடுத்தல் ஒன்றே. ஆயினும் நல்ல நீர்நிலையையும் மறுத்து, எஞ்சிய நீரைச் சற்றே தூய்மையாக்கக்கூடிய கலத்தையும் மறுத்தது அத்தடை. ஒரு குடத்தின் உலோகத்தில் இத்தனை அரசியல் அடங்கியிருந்தது. நாட்டுப்புறப் பாடல்களில் தண்ணீர்க் குடத்தின் அழகைத் தேடும் புலவர் பெருமக்கள் அக்குடம் எதனால் ஆனது என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

குழாய் வந்தது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971ஆம் ஆண்டு ஏப்பிரலில் அமைக்கப்பட்டது. அதன்பின் ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் சிற்றூர்களின் அடையாளங்களாயின. 1928இல் நகராட்சியாகி 2024இல் மாநகராட்சியான காரைக்குடிக்கு இயற்கை தனிச்சலுகை செய்திருந்தது. நகரின் அடியிலுள்ள மணற்கல் படுகை, சம்பை ஊற்றுப் பகுதியில் சுவைமிக்க நீரை வழங்கியது. காரைக்குடியார் தம் ஊர்த் தண்ணீரின் சுவையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எளிதில் நிறுத்தமாட்டார். மற்ற ஊர்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களுக்காக 616 கோடி ரூபாய் மதிப்பில் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஒன்று 2007இல் தொடங்கப்பெற்று, திருச்சிக்கு அருகே காவிரியில் எடுத்த நீரைக் குழாய்வழிக் கொணர்ந்தது. காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் பாண்டிநாடு புகுந்தவர் நகரத்தார் என்பது அவர்தம் மரபுச் செய்தி. அவர்கள் விட்டு வந்த ஆறு, பல நூற்றாண்டுகள் கழித்து அவர்கள் நாட்டின் தெருக்குழாயில் வந்து சேர்ந்தது.

குழாய் நீருக்குச் சாதி இல்லை என்று கருதப்பட்டது. பெருமளவு அது உண்மையும் ஆயிற்று. சேரித் தெருவில் குழாய் வந்த நாள், அங்குள்ள பெண்கள் யாருடைய கைக்கும் காத்திராத முதல் நாளாகும். ஆனால் 2022 டிசம்பரில், செட்டிநாட்டை அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடியிருப்புக்கு நீர் வழங்கிய மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது கண்டறியப்பட்டது. குழந்தைகள் நோயுற்ற பின்னரே தொட்டியை ஏறிப் பார்த்தனர். இச்செய்தி தமிழகத்தையே தலைகுனிய வைத்தது. ஊருணியாயின் கரையில் நிற்பவர் கண்ணுக்கு நீர் முழுதும் தெரியும். மேல்நிலைத் தொட்டியோ மூடி உயரத்தில் நிற்கின்றது. அதனுள் இருப்பதைக் குடிப்பவர் காண்பதில்லை. குழாய் தந்த நன்மை பெரிது. அதனோடு ஊர்க்கண் அகன்றதும் உண்மை.

அக்கண்ணின் இடத்தில் இன்று இருப்பது சோதனை. இந்தியத் தர நிறுவனம் 1983இல் முதலில் வெளியிட்டுப் பின்னர்த் திருத்திவந்த குடிநீர்த் தரத்தின்படி, 100 மி.லி. நீரில் ஈ.கோலைக் கிருமி ஒன்றேனும் காணப்படலாகாது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மி.கி. அளவில் இருத்தல் நன்று. வேறு நீர் இல்லாவிடத்து 1.5 மி.கி. வரை ஏற்கலாம். குழாயின் கடைக்கோடி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும். இறுதியாகக் கூறிய இவ்வளவை ஒரு சிறு குப்பியும் இரண்டு சொட்டு மருந்தும் கொண்டு, நிறம் பார்த்து, பள்ளி மாணவரும் அறியலாம்.

ஊருணிகளின் நிலை வேறாயிற்று. குழாய் வந்த பின்னர் அவற்றைப் பருகுவார் இல்லை. பருகாத நீரைக் காப்பாரும் இல்லை. பல ஊருணிகளின் வரத்துக்கால்கள் வீட்டுமனைகளாகிவிட்டன; எஞ்சியவற்றில் சில, தெருக் கழிவுநீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இராமநாதபுரம் பகுதியில் தானம் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் ஊராரோடு சேர்ந்து ஊருணிகளைத் தூர் எடுத்து, கரையில் மணல் வடிகட்டி அமைத்து மீண்டும் குடிநீர் ஆக்கிக் காட்டியுள்ளன. செட்டிநாட்டில் அத்தகைய முயற்சி பரவவில்லை. இங்கே ஊருணி நீர் நேரே குடத்துக்கு வருவதில்லையாயினும், கசிந்து நிலத்தடிக்குச் செல்கின்றது. ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சுவது அந்நிலத்தடி நீரையே. கழிவின் நைட்ரேட்டு மண்ணில் வடிந்து நிற்பதில்லை, நீரோடே இறங்கும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் நீரில் அது லிட்டருக்கு 45 மி.கி. கடந்துவிட்டால் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குறையத் தொடங்கும். ஊருணியிலிருந்து நீர் எடுப்பதை ஊர் நிறுத்திவிட்டது. ஊருணியைக் குடிப்பதை இன்னும் நிறுத்தவில்லை.