தோற்சால் முதல் தொழிற்பேட்டை வரை

திருத்தணியிலிருந்து சோளிங்கர் செல்லும் வழியில் கே.ஜி.கண்டிகை என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூர் அமைந்த வட்டாரத்தின் வரலாறு, எல்லைக் கோடுகள் இடம் பெயர்ந்த வரலாறாகும். வட ஆர்க்காட்டோடு இருந்த இப்பகுதி, 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுடன் சென்றது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதற்குள் அடங்கியது. வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி மீண்டும் தமிழகத்தோடு சேர்ந்தது.

எல்லையைத் திருத்துவது சட்டத்தால் ஆகும். ஓர் எல்லைப்புற வட்டாரத்திற்கு வாழ்வளிப்பது சட்டத்தால் மட்டும் ஆவதன்று. நிலம், நீர், மின்சாரம், கடன் ஆகியவற்றை முன்கூட்டி ஏற்பாடு செய்து, தொழிலை அழைத்து வந்து அமர்த்தும் ஓர் அமைப்பு வேண்டும். அத்தகைய அரசமைப்பு நம் மண்ணில் எவ்வாறு தோன்றியது, எதைத் தந்தது, எதை எடுத்துக்கொண்டது என்பதை அறிய விரும்புவோர், சோளிங்கரையும் கடந்து பாலாற்றங்கரையிலுள்ள இராணிப்பேட்டை வரை நம்முடன் வரவேண்டும்.

இவ்வரலாறு ஒரு கிணற்றடியில் தொடங்குகிறது. எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்துப் பயிர் செய்த காலம் அது. நீரை முகந்து வருவது தோற்சால். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் ஓயாமல் நீரில் நனைவதால் விரைவில் நைந்துபோகும். குரோம் உப்பில் பதனிட்ட தோலோ நீரைத் தாங்கி நெடுநாள் உழைக்கும். இதனை உணர்ந்தவர் சென்னை அரசின் பணியிலிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் அரசுச் செலவிலேயே குரோம் பதனிடுதலைச் சென்னையில் செய்துகாட்டினார். அரசே முன்னின்று ஒரு தொழிலைக் கற்பித்து, அது வேரூன்றியபின் மக்களிடம் விட்டுவிடலாம் என்பது அவர் கொள்கை.

தனியார் வணிகர்கள், சிறப்பாக ஐரோப்பிய நிறுவனத்தார், இதனை விரும்பவில்லை. அரசு தொழில் நடத்துவது தகாது என்று இலண்டனிலிருந்த இந்தியா மந்திரி மார்லி பிரபு 1910இல் தடை விதித்தார். ஆயினும் அக்கருத்து மடியவில்லை. முதல் உலகப் போர் மூண்டு, கடல் கடந்து வரும் பண்டங்கள் தடைப்பட்டபோது, உள்நாட்டுத் தொழிலின் அருமையை ஆட்சியாளரே உணர்ந்தனர். 1916இல் அமைந்த இந்தியத் தொழிற்குழு, மாகாண அரசுகள் தொழில் வளர்ச்சியில் ஈடுபட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அக்குழுவில் சாட்டர்டனும் ஓர் உறுப்பினர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

விடுதலைக்குப் பின் அந்த விதை மரமாயிற்று. 1949இல் சென்னையில் தொழில் முதலீட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. மாநில நிதிக் கழகங்களுக்கான மத்தியச் சட்டம் 1951இல்தான் வந்தது என்பதை நோக்கினால், நம் மாநிலம் எவ்வளவு முந்திச் சென்றது என்பது விளங்கும். 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை எழுந்தது. பெருந்தொழில்களுக்காக 1965இல் டிட்கோவும், சிறுதொழில்களுக்காக 1970இல் சிட்கோவும் அமைந்தன. தொழில்கள் யாவும் சென்னையிலும் கோவையிலும் குவிந்துவிடாமல், பின்தங்கிய வட்டாரங்களுக்கும் பரவ வேண்டும் என்னும் நோக்கத்துடன் 1971இல் பிறந்தது சிப்காட். அதன் முதல் தொழில் வளாகம் அமைந்த இடம் இராணிப்பேட்டை.

இராணிப்பேட்டை வெறும் பொட்டல் அன்று. பாரி நிறுவனம் 1906இலேயே அங்கு உரத் தொழிற்சாலை நிறுவியிருந்தது. தோல் தொழிலும் அங்கே வேரூன்றியிருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என இப்பகுதியெங்கும் தோல் வணிகம் நம் சமுதாயத்தாரின் கையில் வளர்ந்த ஒன்று. அவ்வணிகத்தின் வருவாயே பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் உருப்பெற்றது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், தோல் வணிகர் நவாப் சி.அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரால் 1965 முதல் மேல்விஷாரத்தில் விளங்கும் கல்லூரியும் அதற்குச் சான்றுகள். தோல் விற்ற காசு நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது என்றால் அது மிகையாகாது.

சிப்காட் வகுத்த முறை எளியது. விவசாயிகளிடமிருந்து நிலத்தைப் பெற்று, மனைகளாகப் பிரித்து, சாலையிட்டு, நீரும் மின்சாரமும் கொணர்ந்து, நீண்டகாலக் குத்தகைக்குத் தொழில் முனைவோரிடம் தருவது. தனி ஒருவர் அலுவலகம் அலுவலகமாக அலைந்து பெற வேண்டியதை ஓரிடத்தில் பெற முடிந்தது. அதே காலத்தில், 1973 முதல், அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் இங்கேயே உருவாக வேண்டும் என்பது அதன் கருத்து. அதன்படியே ஆயிற்று. காலணித் தொழிற்சாலைகளில் பல்லாயிரம் பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. இவற்றை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும்.

ஆனால், வரவை எழுதிய கை செலவையும் எழுத வேண்டும். தொழில் வளாகத்தில் சாலை முதலில் வந்தது. கழிவுநீருக்கான ஏற்பாடு கடைசியில் வந்தது. தோல் தொழிலுக்கு வேண்டிய குரோம் இரசாயனங்களைச் செய்த ஆலையொன்று அவ்வளாகத்தில் இயங்கி 1990களில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவு ஓர் இலட்சம் டன்னுக்கும் மேற்பட்டது. மழைதோறும் அதன் நஞ்சு நிலத்தடி நீரில் இறங்கியது. 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்ட அமெரிக்க அமைப்பொன்று, இராணிப்பேட்டையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. கிணற்று நீரை மேலேற்றுவதற்காக நம் மண்ணில் கற்பிக்கப்பட்ட குரோம், கிணற்று நீரையே கெடுத்துவிட்டது!

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போனதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தரவேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தின் பகுதி என்பதை இத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆயினும் துயரம் ஓயவில்லை. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் உள்ளிட்ட பத்துப் பேர் மாண்டனர். 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

இதற்குப் பொறுப்பு யாருடையது? சிறு தோல் பதனிடுவோர் தனித்தனியே சுத்திகரிப்பு ஆலை கட்டும் வசதி உடையவரல்லர். அவர்களை அழைத்து அமர்த்திய அரசமைப்புதான் வடிகாலையும் சாலையோடு சேர்த்துத் திட்டமிட்டிருக்க வேண்டும். அதே வேளையில், தன் தொழிலின் கழிவு அண்டை வீட்டாரின் கிணற்றைச் சேர்கிறது என்று அறிந்தபின் எந்த வணிகரும் அரசின் மீது மட்டும் பழி போட்டுவிட்டு ஒதுங்க இயலாது. நிலமும் நீரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அன்றோ? அமானிதத்திற்குக் கணக்கு உண்டு.

இக்கணக்கு பழங்கதை அன்று. இராணிப்பேட்டை மாவட்டத்தின் பனப்பாக்கத்தில் சிப்காட் அமைத்த தொழிற்பூங்காவில், 9,000 கோடி ரூபாய் முதலீட்டிலான டாட்டா மோட்டார்ஸ் கார்த் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. திருத்தணி, சோளிங்கர் வட்டாரத்து இளைஞர்களின் கண்களும் அத்திசை நோக்கித் திரும்பும் என்பதில் ஐயமில்லை. திரும்பட்டும், வேலை வேண்டும், வளம் வேண்டும். ஆனால் ஒரு தொழிற்பேட்டை திறக்கப்படும்போது எத்தனை கோடி, எத்தனை வேலை என்று கேட்பதோடு நாம் நிறுத்திக்கொள்ளலாகாது. கழிவு எங்கே செல்லும், ஆலை மூடப்படும் நாளில் அதனை அகற்றும் செலவை ஏற்பவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். வட்டாரத்தை வளர்க்கும் அமைப்புக்கு உரைகல், அது அழைத்து வந்த ஆலைகளின் எண்ணிக்கை மட்டுமன்று. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவ்வூர்க் கிணற்றில் ஊறும் நீரும் ஆகும்.