கூடாரத்தைத் தின்ற பூஞ்சணம்

பூஞ்சணம் மக்கிய பொருள்களிலிருந்து உணவை உறிஞ்சிக்கொள்கிறது என்று தொடக்கப் பள்ளிகளில் கற்பிக்கிறோம். கூற்று பிழையன்று, ஆயினும் நடுவே ஒரு பெரிய படியைத் தாண்டிவிடுகிறது. விழுந்து கிடக்கும் ரப்பர்க் கட்டையை எந்த உயிரும் உறிஞ்ச முடியாது. மரத்தின் முதன்மைப் பொருளாகிய செல்லுலோஸ், ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு, அச்சங்கிலிகள் நெருங்கி அடுக்கப்பட்டு அமைந்தது. பூஞ்சணத்திற்கோ வாயுமில்லை, வயிறுமில்லை. நாம் உண்டபின் செரிக்கிறோம்; அது செரித்தபின் உண்கிறது. நொதிகள் என்னும் புரதங்களைத் தன் இழைகளிலிருந்து வெளியே சுரந்து, உணவைச் சர்க்கரையாக உடைத்து, அதன் பின்னரே உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்த உண்மை தெளிவான வரலாறு, நமது மலாயா ஜப்பானியர் வசம் இருந்த ஆண்டுகளோடு ஒட்டியது.

அதற்கு முன்பே இதன் சாயலைக் கண்டவர்கள் உண்டு. ஜெர்மானிய அறிஞர் அன்டன் டி பாரி 1886-இல், பூஞ்சணம் தாக்கி அழுகிய கேரட்டின் சாற்றைப் பிழிந்தெடுத்தார். அச்சாறு நல்ல கேரட்டின் திசுவையும் குலைத்தது. கொதிக்க வைத்தால் அவ்வாற்றலை இழந்தது. இரண்டாண்டுகள் கழித்து ஆங்கிலேயரான மார்ஷல் வார்டு, லில்லிச் செடியைத் தாக்கும் பூஞ்சணத்தின் இழை நுனியில், செல்சுவரைக் கரைக்கும் பொருள் துளித் துளியாகக் கசிவதைக் கண்டார். இந்த வார்டு 1880 முதல் 1882 வரை இலங்கையில் இருந்து காப்பி இலைத் துரு நோயை ஆராய்ந்தவர். அந்நோயே இலங்கைக் காப்பித் தோட்டங்களைக் கவிழ்த்து, நம் இனத்துத் தொழிலாளரைத் தேயிலைக்கு மாற்றியது.

இனிப் போருக்கு வருவோம். 1943 நவம்பர் 1-ஆம் நாள் அமெரிக்கப் படை சாலமன் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பூகன்வில் தீவில் கரையிறங்கியது. ஓயாத மழை, புழுக்கம், ஈரமண். படையினரின் கூடாரம், சீருடை, வார்ப்பட்டை ஆகிய பருத்திப் பொருள்கள் யாவும் கையால் இழுத்தாலே கிழியும் அளவுக்கு மக்கின. நம் பாட்டிமார் இங்கே மாற்றுத் துணியின்றிச் சாக்கை உடுத்திய அதே ஆண்டுகளில், அங்கே துணி குவியல் குவியலாகப் பூஞ்சணத்திற்கு இரையாகிக்கொண்டிருந்தது.

படைத்துறைக்கு வேண்டியதெல்லாம் துணியைக் காக்க ஒரு மருந்து. செம்பு உப்புகள் போன்றவற்றைத் தோய்த்துப் பார்த்தனர். அத்தோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. அமெரிக்கப் படையின் தளவாடப் பகுதியினர் இன்னொன்றும் செய்தனர். மக்கிய பொருள்களிலிருந்து ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து, எண்ணிட்டு, உயிரோடு வளர்த்து வைத்தனர். பூகன்வில் தீவின் கூடாரத் துணியில் கிடைத்த பச்சைநிறப் பூஞ்சணம் கியூ.எம்.6ஏ என்னும் எண்ணைப் பெற்றது. டிரைக்கோடெர்மா என்னும் மண்வாழ் இனத்தைச் சேர்ந்தது அது. பகைவனைச் சிறைபிடித்தபின் சோறுபோட்டு வைத்துக்கொண்ட இச்செயலே, என் கருத்தில், இவ்வரலாற்றின் திருப்புமுனை.

அதை ஆராய்ந்தவர் எல்வின் ரீஸ். அவருக்கு ஒரு புதிர் எதிர்ப்பட்டது. நீரில் கரையுமாறு மாற்றிய செல்லுலோஸைப் பல பூஞ்சணங்கள் எளிதில் உடைத்தன. ஆனால் அவற்றுள் பல, முழுப் பருத்தி இழையிடம் தோற்றன. ஆகவே அடுக்கைக் குலைத்து வழிதிறக்கும் காரணி ஒன்றும், திறந்த சங்கிலியை வெட்டும் காரணி ஒன்றும் தனித்தனியே இருத்தல் வேண்டும் என்று ரீஸும் அவர்தம் நண்பர்களும் 1950-இல் எழுதினர். முதலாவது காரணியைப் பற்றிய வாதம் பல பத்தாண்டுகள் நீண்டது. நொதிகள் கூட்டாக உழைப்பது பின்னர் தெளிவாயிற்று. ஒருவகை சங்கிலியை நடுவில் வெட்டும். ஒருவகை முனையைப் பற்றி வழுக்கிச் சென்று இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கழற்றும். மூன்றாவது அந்த இரண்டையும் பிரிக்கும். 2010, 2011-ஆம் ஆண்டுகளில், செம்பைத் தாங்கி ஆக்சிஜனேற்றத்தால் இறுகிய அடுக்கையே உடைக்கும் புரதங்கள் வெளிப்பட்டபோது, ரீஸ் தேடிய முதற் காரணியைப் பலரும் நினைவுகூர்ந்தனர்.

இன்னொரு வினா இதனினும் சுவையானது. செல்லுலோஸ் உயிரணுவுக்குள் நுழைய முடியாதது. அவ்வாறிருக்க, வெளியே செல்லுலோஸ் இருப்பதைப் பூஞ்சணம் எவ்வாறு அறிகிறது? மேரி மாண்டெல்ஸ் என்னும் அம்மையார் ரீஸுடன் சேர்ந்து 1957 முதல் இதை ஆராய்ந்தார். பூஞ்சணம் எந்நேரமும் சிறிதளவு நொதியைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கிறது. அது செல்லுலோஸைத் தொட்டால் சில சர்க்கரைத் துணுக்குகள் திரும்பி வரும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அன்றோ! துணுக்கு வந்தவுடன் பெருஞ்சுரப்புத் தொடங்குகிறது. குளுக்கோஸ் தாராளமாகக் கிடைத்தால் சுரப்பு அடங்கிவிடுகிறது. புரதம் செய்வது செலவு மிக்க காரியம். வெளியே விட்டதைத் திரும்பப் பெறவும் முடியாது. உடைத்த சர்க்கரையைப் பக்கத்து நுண்ணுயிர் அள்ளிக்கொண்டு போகவும் கூடும். இத்தகைய சிக்கனம் இன்றேல் பூஞ்சணம் பிழைக்காது.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, வைக்கோலையும் காகிதக் கழிவையும் சர்க்கரையாக்கி எரிபொருள் எடுக்கலாமா என்று உலகம் எண்ணியது. கூடாரப் பூஞ்சணம் ஆய்வறையிலிருந்து ஆலைக்குப் போயிற்று. 1977-இல் அது தனி இனமென்று கண்டு, ரீஸின் பெயரால் டிரைக்கோடெர்மா ரீசி என அழைத்தனர். கியூ.எம்.6ஏ-யின் வழித்தோன்றல்கள் இன்று லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் புரதம் சுரக்கின்றன. நம் இளைஞர் விரும்பும் வெளிறிய ஜீன்ஸ் துணியை நயப்படுத்துவதும் அந்நொதிகளே. துணியைத் தின்றது துணிக்கடைக்கே வேலை செய்கிறது!

பூஞ்சணம் சுரக்கும் புரதம் எல்லாம் இரைக்கே என்று எண்ணலாகாது. நீரை விலக்கும் ஒருவகைச் சிறு புரதம் உண்டு. ஈர மண்ணிலிருந்து இழை காற்றில் எழுவதற்கும், வித்துகள் நனையாமல் பரவுவதற்கும் அது உதவுகிறது. வேட்டைக்கான புரதமும் உண்டு. 1932-இல் வைண்ட்லிங் என்பவர், டிரைக்கோடெர்மா மற்ற மண்பூஞ்சணங்களைச் சுற்றி வளைத்துத் தின்பதைக் காட்டினார். இரையின் சுவரிலுள்ள கைட்டினை உடைக்கும் நொதிகள் அதற்குண்டு. செம்பனையின் அடித்தண்டை அழுகச் செய்யும் கானோடெர்மாவுக்கு எதிராக இவ்வினத்தை மலேசியாவில் சோதித்து வருவதும் இக்குணம் பற்றியே.

2008-இல் டிரைக்கோடெர்மா ரீசியின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது அறிஞர்கள் வியந்தனர். செல்லுலோஸை உடைப்பதில் பெயர்பெற்ற அதனிடம், அவ்வேலைக்கான மரபணுக்கள் மற்ற பூஞ்சணங்களைவிடக் குறைவாகவே இருந்தன. 2011-இல் அதன் உறவினங்களோடு ஒப்பிட்டபோது விடையின் ஒரு பகுதி கிட்டியது. இவ்வினத்தின் பூர்வீகத் தொழில் மற்றப் பூஞ்சணங்களைத் தின்பதே. மரத்தை அழுகவைக்கும் பூஞ்சணங்களைத் தொடர்ந்து சென்று, அவை வாழ்ந்த மரத்தையும் உண்ணப் பழகியது போலும். செடிச் சுவரை உடைக்கும் அதன் நொதிகளின் மரபணுக்களுள் பல, முன்னோரிடமிருந்து வந்தவையல்ல, பிற பூஞ்சணங்களிடமிருந்து கைமாறியவை என்று 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கொடுத்தவற்றுள் அது தின்ற இரைகளும் இருந்திருக்கலாம் என்பது அவ்வாய்வாளரின் கருத்து.