ஒற்றைக் கண் ஆட்டுக்குட்டியும் ஒரு புற்றுநோய் மருந்தும்



"ஈயையும் புழுவையும் ஆராய்ச்சி செய்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்காக ஒரு வரலாறு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் செம்மறி ஆடு வளர்ப்பவர்கள் திகைத்துப் போனார்கள். சில குட்டிகள் நெற்றியில் ஒற்றைக் கண்ணோடு பிறந்தன. அரசு வேளாண் துறை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். மலையில் வளரும் ஒரு காட்டுச்செடிதான் அது! சினை ஆடு 14ஆம் நாள் வாக்கில் அதைத் தின்றால் குட்டியின் முகம் சரியாக உருவாவதில்லை. கிரேக்கக் கதையில் வரும் ஒற்றைக் கண் அரக்கனின் பெயரை ஒட்டி, அந்த நஞ்சுக்கு 'சைக்ளோபமைன்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அது உடலுக்குள் என்ன செய்கிறது என்பது விளங்கவில்லை.

அடுத்த காட்சி ஜெர்மனியில். நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் என்ற பெண்மணியும் வீஷாஸ் என்பவரும் பழ ஈயின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். ஒரு மரபணு கெட்டுப்போனால், புழு குட்டையாக, உடம்பெல்லாம் முள்ளோடு இருந்தது. அதனால் 1980இல் அதற்கு 'ஹெட்ஜ்ஹாக்', அதாவது முள்ளெலி, என்று பெயரிட்டார்கள். 1995இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கருவில் செல்கள் எப்போது பெருக வேண்டும், என்னவாக மாற வேண்டும் என்று சேதி சொல்லும் பாதை இது. மனிதருக்கும் உண்டு. சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்மூத்தென்ட்' என்ற புரதம் பெடல், 'பேட்ச்ட்' என்ற புரதம் பிரேக். முள்ளெலிச் சேதி வந்தால் மட்டுமே பிரேக் விடும்.

1996இல் ஒரு செய்தி வந்தது. இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் பலமுறை வரும் 'கோர்லின்' என்ற பரம்பரை நோய் உள்ளவர்களிடம் அந்த பிரேக் மரபணுவே பழுதாக இருந்தது! 'பேசல் செல்' என்ற தோல் புற்றுநோயின் அடிப்படை இதனால் புரிந்தது. 1998இல் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. ஆட்டுக்குட்டியைக் கெடுத்த சைக்ளோபமைன் அடைப்பதும் இதே பாதையைத்தான்.

கருவுக்கு நஞ்சான வழி, புற்றுக்கு மருந்தாகாதா? அந்தக் கேள்வியின் பயனாக, அதே பெடலைப் பிடித்து நிறுத்தும் 'விஸ்மோடெகிப்' மருந்துக்கு 2012இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அறுவை சிகிச்சையால் தீர்க்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. ஆட்டுக்குட்டிக்கு நேர்ந்தது நம் குழந்தைக்கும் நேரலாம். தசைப்பிடிப்பு, முடி உதிர்தல், சுவை மாறுதல் போன்ற தொல்லைகளும் உண்டு. சில கட்டிகள் பெடலின் வடிவத்தையே மாற்றிக்கொண்டு மருந்தை ஏமாற்றிவிடுகின்றன. அதை வெல்லும் வழியைத்தான் இன்றைய ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.

ஆடு மேய்ப்பவரின் கவலை, ஈயின் முள், நோயாளியின் கட்டி என மூன்றும் ஒன்றுசேர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. உடனே பயன் தராத ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு என்று யாராவது சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இன்னொன்று: முகத்திலோ கழுத்திலோ வாரக்கணக்கில் ஆறாத புண் இருந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லோரும் நலமோடு வாழ்க.