டயர் எண்ணெய் மலிவுதான், ஆனால் பவர் டில்லருக்கு ஆகுமா?

பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் பயிற்சிக்குப் போகும்போது இப்போது அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "டயர் எண்ணெய் டீசலைவிட மலிவாமே, பவர் டில்லருக்கு ஊற்றலாமா சார்?" என்கிறார்கள். சிலரிடம் டயர் ஆலை வைக்க நிலம் குத்தகைக்குக் கேட்டும் ஆள் வந்திருக்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்லும் முன், அந்த எண்ணெய் எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

டயரைக் கொளுத்தினால் எண்ணெய் வராது, கரும்புகைதான் வரும். காற்றுப் புகாத இரும்பு உலையில் அடைத்து, 350 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை வெளியிலிருந்து சூடேற்றினால் ரப்பர் எரியாமல் ஆவியாகப் பிரியும். சாராயம் வடிப்பது போல அந்த ஆவியைக் குளிர வைத்தால் கருப்பு எண்ணெய் இறங்கும். இதற்குப் பெயர் பைராலிசிஸ். 100 கிலோ டயரில் ஏறக்குறைய 40 முதல் 45 கிலோ எண்ணெய், 30 முதல் 35 கிலோ கரித்தூள், 10 முதல் 15 கிலோ இரும்புக் கம்பி கிடைக்கும். மீதி வாயு. அதை அதே உலையைச் சூடாக்கவே பயன்படுத்திக் கொள்வார்கள். எண்ணெயின் வெப்பத்திறன் கிலோவுக்குச் சுமார் 10,000 கிலோ கலோரி. தொழிற்சாலை உலைகளில் எரிக்கும் ஃபர்னஸ் ஆயிலுக்கு இது சமம்.

அப்படியானால் டில்லருக்கு ஏன் ஆகாது? ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். அது எண்ணெயிலும் சுமார் 1 சதவீதம் வந்துவிடும். 2020 ஏப்ரல் முதல் பங்குகளில் விற்கப்படும் பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கணக்குப் போட்டால் டயர் எண்ணெயில் அதைப்போல் ஆயிரம் மடங்கு! போதாததற்குப் பிசினும் கரியும் வேறு. நாசில் அடைக்கும், பம்ப் தேயும், புகை தள்ளும். லிட்டருக்கு மிச்சமாகும் காசு ஒரே ஒரு பம்ப் வேலையில் போய்விடும். இந்த எண்ணெய் தொழிற்சாலை உலைக்கு உரியது, இன்ஜினுக்கு உரியது அல்ல.

கரித்தூளை வயலில் போடாதீர்கள்

எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். உமிக்கரி, மரக்கரி போன்ற உயிர்க்கரியை மண்ணுக்கு நாங்களே பரிந்துரைக்கிறோம். டயர் கரியும் பார்க்க அப்படியே இருக்கும். "துத்தநாகச் சத்து உள்ளது" என்று யாராவது விற்க வந்தால் அதில் பாதி உண்மைதான், ஏனென்றால் டயர் செய்யும்போது துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள். ஆனால் நெல்லுக்குத் துத்தநாகம் வேண்டுமென்றால் எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போதும், அளவும் நம் கையில் இருக்கும். டயர் கரியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதோடு மற்ற உலோகங்களும், புற்றுநோய் உண்டாக்கும் தார் வகைப் பொருள்களும் மண்ணில் சேரும். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

நிலம் கேட்டு வந்தால்

2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்பட்ட கணக்குப்படி, 19 மாநிலங்களில் 637 டயர் பைராலிசிஸ் ஆலைகள் இருந்தன. அவற்றில் 270 ஆலைகள் விதிப்படி நடக்கவில்லை. உலை ஆறும் முன் கதவைத் திறந்தால் கரி தீப்பிடிக்கும். கசியும் எண்ணெய்க் கழிவுநீர் கிணற்றுக்கு இறங்கும். ஆகவே புதுச்சேரி மாசுக்கட்டுப்பாட்டுக் குழுமம் கொடுத்த அனுமதியை, ஆலை அமைக்க ஒன்று, இயக்க ஒன்று என இரண்டையும், எழுத்தில் கேளுங்கள். கழிவுநீர் எங்கே போகும், கரியை எங்கே மூடி வைப்பார்கள் என்றும் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், சேதராப்பட்டு மாதிரித் தொழிற்பேட்டைக்குப் போகச் சொல்லிவிடுங்கள். குத்தகைக்காரர் கிளம்பிப் போனாலும் கழிவு உங்கள் பட்டாவில்தான் கிடக்கும்.

டயரை எரிபொருளாக்க இன்னொரு வழி சிமெண்ட் சூளை. அங்கே சுமார் 1,450 டிகிரி வெப்பம். ரப்பர் முழுதாக எரிந்துவிடும், கந்தகத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும், கம்பியும் சிமெண்டிலேயே சேர்ந்துவிடும். நம் வெல்லக் கொட்டகை அடுப்பில் அந்தச் சூடு கிடையாது. சக்கை ஈரமாக இருக்கிறது என்று டயர்த் துண்டைச் செருகினால் புகை உங்கள் மூச்சிலும் பக்கத்துத் தோட்டத்திலும் படியும். போகி நெருப்புக்கும் இதையேதான் சொல்வேன்.

வீட்டில் கிடக்கும் டயர்

டிராக்டர் டயரில் பட்டன் மட்டும் தேய்ந்து உடல் நன்றாக இருந்தால் ரீட்ரேடிங் செய்யுங்கள், அதுதான் முதல் லாபம். முடியாததைப் புது டயர் வாங்கும் கடையிலேயே கொடுங்கள். 2022 ஜூலை முதல், பழைய டயர் மறுசுழற்சிக்குப் போகிறதா என்பதற்கு டயர் கம்பெனிகளே பொறுப்பு. பைராலிசிஸ் எண்ணெய் எடுக்க வெளிநாட்டிலிருந்து கழிவு டயர் கொண்டுவரவும் அப்போதே தடை வந்துவிட்டது. அதனால் உள்ளூர் டயருக்கு விலை கேட்கலாம், சும்மா கொடுக்க வேண்டியதில்லை. கொடுக்கும்வரை மழைநீர் தேங்காமல் கூரைக்குள் வையுங்கள். டெங்கு கொசுவுக்கு டயர்த் தண்ணீர் ரொம்பப் பிடிக்கும்.

மாடு வைத்திருப்பவர்கள் ஊறுகாய்ப்புல் குழியின் பிளாஸ்டிக் விரிப்புக்குப் பாரமாக டயர் போடுவதுண்டு. வெயிலில் டயர் வெடித்தால் மெல்லிய கம்பி தீவனத்தில் கலக்கும். மாட்டின் இரைப்பையில் குத்தி இதயம் வரை போகும், பிறகு பிழைப்பது கடினம். அந்த வேலைக்கு மணல் மூட்டை போதும்.